டாக்டரம்மாவிடம் சொல்லாத வேண்டுதல்

மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் அப்பா வீட்டு விட்டத்தில் ஒரு மஞ்சள் துணி முடிப்பு தொங்குகிறது. அடுப்புப் புகை பட்டுப் பட்டு மஞ்சள் போய்ப் பழுப்பேறிவிட்டது. சாமிக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் இப்படித்தான் காசு முடிந்து வைப்பார்கள். வேண்டியது நடந்ததும் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். இந்த முடிப்பில் காசோடு ஒரு பீடியும் இருக்கிறது. முடிந்தவர் என் அண்ணன். கருப்பனாருக்குச் சுருட்டு வைக்கிற வழக்கம் ஊரில் உண்டு. பீடியை முடிந்து வைத்த ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அந்தப் பீடி அவரை எமன் வாசல்வரை கூட்டிப் போய்விட்டு வந்தது. இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அண்ணனுக்கு இருபத்து மூன்று வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. அப்போது அந்தப் பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மிளகுக் கொடி ஓடிய மரத்தடியில் நின்றுகொண்டு யாருடனோ வாதாடுவார். எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். யாரோ தன் பெயரைச் சொல்லிச் சொல்லித் திட்டுவதாகச் சொல்வார். பிறகு சாப்பாட்டில் விஷம் வைக்கிறோம் என்று நினைக்க ஆரம்பித்தார். அம்மா போன பிறகு வீட்டில் சமைப்பது நான்தான். என் கையால் போட்ட களியைத் தட்டோடு வாசலில் கொட்டுவார். ஊர் என்னென்னவோ பேசியது. எனக்கு அதெல்லாம் வலிக்கவில்லை. சின்ன வயதில் தன் தட்டிலிருந்து எனக்கு ஊட்டிவிட்டவர் என்னைப் பார்த்துப் பயந்ததுதான் வலித்தது.

கோடாங்கி, மந்திரம் எல்லாம் பார்த்து ஓய்ந்து, கடைசியில் மலையிறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. மற்ற மருந்துக்குக் கேட்காதவர்களுக்குக் கொடுப்பது குளோசபின் என்றொரு மாத்திரை என்று டாக்டரம்மா சொன்னார். கொடுப்பதற்கு முன் எங்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும், அதனால் முதல் சில மாதம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்றார். மலச்சிக்கலைச் சும்மா விடக்கூடாது, அதுவே உயிருக்கு உலை வைக்கும் என்றார். இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவை நாமாக மறுபடி ஆரம்பிக்கக் கூடாது, தன்னிடம் கேட்க வேண்டும் என்றார். கடைசியில் எங்கள் ஊரைத் தெரிந்தவராக ஒன்று சொன்னார். “காய்ச்சல், தொண்டை வலின்னா மிளகுக் கஷாயம் குடிச்சுட்டுப் படுத்துக்காதீங்க. அன்னைக்கே வந்து ரத்தம் பாருங்க.” நாங்கள் அதைத்தான் செய்வோம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அதன்பின் வாரா வாரம் நானும் அண்ணனும் மலைமேலேயே இருக்கும் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். சந்தை நாள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போவேன். அங்கே ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டைப் போனில் டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டுத் திரும்புவோம். மாதம் ஒருமுறை மலையிறங்கி அவரை நேரில் பார்ப்போம். வருகிற வழியெல்லாம் அண்ணன் பீடியை இழுத்துக்கொண்டே வருவார். நாளுக்கு இரண்டு கட்டு அவருக்குப் போதாது. சட்டைப் பையெல்லாம் நெருப்புப் பொத்தல். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வேன், ஏனென்றால் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள் அவர் தட்டை நீட்டி, “இன்னுங் கொஞ்சம் களி போடு கண்ணு” என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார்.

அந்த மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாக இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் காலை வீட்டில் பீடி நாற்றமே இல்லை. மறுநாளும் இல்லை. அண்ணாந்து பார்த்தேன், விட்டத்தில் புது மஞ்சள் முடிப்பு. அண்ணன் பீடியை விட்டு வேண்டுதல் வைத்திருக்கிறார் என்று புரிந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. வேண்டிக்கொண்டதை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பார்த்தவர்களும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். அந்த வாரம் போனில் டாக்டரம்மா எப்போதும் கேட்பதைக் கேட்டார், வீட்டில் ஏதாவது புதிதாக நடந்ததா என்று. ஒன்றும் இல்லீங்க, எல்லாம் நல்லபடியா இருக்குதுங்க என்றேன். கெட்டதைச் சொல்லத்தானே டாக்டர், நல்லதை ஏன் அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். என்னைப் போன்ற அறிவாளியை எங்கே போய்த் தேடுவது!

நாலைந்து நாளில் அண்ணன் பொழுது உச்சிக்கு வரும்வரை தூங்கத் தொடங்கினார். தலையணை எச்சிலில் நனைந்து கிடக்கும். நடந்தால் கால் பின்னியது, பேச்சு குழறியது. பீடியை விட்ட அசதி, சாமி அவனைத் தூங்க வைத்துப் பார்த்துக்கொள்கிறது என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். அடுத்த சந்தை நாள் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அண்ணன் என் தோளைப் பிடித்தார், பிடித்தபடியே சரிந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்கள். இன்னொருவர், அதெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று அதட்டினார். அந்தப் புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆம்புலன்சில் மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் மூச்சு விடுகிறாரா என்று மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரையைக் கூடுதலாகப் போட்டாரா, காய்ச்சல் வந்ததா, வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியாக, பீடி குடிப்பாரே, இப்போது எத்தனை குடிக்கிறார் என்று கேட்டார். சொன்னால் அண்ணன் வேண்டுதல் வீணாகிவிடும். அது அவர் நோய் தீர வைத்த வேண்டுதல் என்றே நம்பியிருந்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எதிரே கட்டிலில் கிடந்தது. சாமி கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும் என்று வாயைத் திறந்தேன். “நிப்பாட்டிட்டாருங்க. பத்து நாளாச்சுங்க. வேண்டுதலுங்க, அதான் சொல்லலைங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பீடிப் புகை உள்ளே போகும்வரை ஈரல் இந்த மருந்தை வேகவேகமாகக் கரைத்துத் தள்ளிக்கொண்டிருக்கும், புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து மருந்து உடம்பிலேயே தேங்கிவிடும் என்று விளக்கினார். அதே மாத்திரைதான், அதே அளவுதான், ஆனால் உடம்புக்கு அது பெரிய அளவாகிவிட்டது. அப்பா குறுக்கே புகுந்து, அப்படியானால் அந்த விஷத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றார். ஒரேயடியாக நிறுத்தினால் திட்டுகிற குரல்கள் எல்லாம் திரும்பி வரும், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், அளவைக் குறைப்பது என் வேலை என்றார் டாக்டரம்மா. போகும்போது என் தோளில் கை வைத்துச் சொன்னார். “பீடியை விட்டது தப்பே இல்லம்மா, ரொம்ப நல்லது. சொல்லாம விட்டதுதான் தப்பு. திரும்பக் குடிக்க ஆரம்பிச்சாலும் சொல்லணும். நல்ல சேதியையும் எங்கிட்ட சொல்லுங்க.”

மூன்றாம் நாள் அண்ணன் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொல்லி, வேண்டுதலை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு வேண்டினீர்கள் என்றும் அப்போதுதான் கேட்டேன், உடைந்தது உடைந்துவிட்டதே. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கூச்சத்தோடு சொன்னார். “வாரா வாரம் நீ பஸ்ஸுல நின்னுக்கிட்டே வார. காலு வலிக்குமில்ல கண்ணு. அந்த ரத்தம் பாக்கறது நின்னு போவோணும்னு வேண்டிக்கிட்டேன்.” டாக்டரம்மா முதல் நாளே சொன்ன கணக்கு அப்போது அவர் இருந்த நிலைமையில் காதில் ஏறவில்லை. ஆயுசுக்கும் நான் வாரா வாரம் நின்றுகொண்டே வரப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். அந்தக் கட்டிலில் தலையை வைத்து நான் அழுதபோது, எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

பீடியை அவர் அதன்பிறகு தொடவில்லை. குறைந்த அளவு மாத்திரையிலேயே நன்றாக இருக்கிறார். சில மாதங்களில் வாராவாரம் போவது நின்றபோது, சாமி செய்தது என்றார். டாக்டரம்மாவே சொன்னதுதானே என்றால், சாமிதான் அவரைச் சொல்ல வைத்தது என்பார். இப்போது மாதம் ஒருமுறை தனியாகவே மலையிறங்கி வருகிறார். அடிவாரத்தில் நான் வாழ்க்கைப்பட்டிருக்கும் காளப்பநாயக்கன்பட்டி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார். அந்த முடிப்பை ஏன் இன்னும் செலுத்தவில்லை என்று கேட்டால், மாதாமாதம் பார்ப்பது இன்னும் நிற்கவில்லையே, சாமி பாதிதானே செய்திருக்கிறது என்று நியாயம் பேசுவார். எது நடந்தாலும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுகிறார். தொண்டை கரகரத்தாலும் சொல்வார், பலா நன்றாகக் காய்த்தாலும் சொல்வார்.

போன மாதம் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியோடு படியேறி உள்ளே போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், பழுப்பேறிய முடிப்புக்குப் பக்கத்தில் பளிச்சென்று இன்னொரு மஞ்சள் முடிப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் எனக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்தார். உங்களுக்கு எங்கே என்று கேட்டேன். விட்டுவிட்டேன் என்றார். எதற்காக என்று நான் கேட்கவில்லை, ஆனால் அவர் பார்வை என் முழங்காலில் இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

“பயப்படாத கண்ணு. காப்பிக்கும் இந்த மாத்திரைக்கும் சங்காத்தம் இருக்குதாம். டாக்டரம்மாகிட்ட கேட்டு, அவங்க சொன்னபடிக்குக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் விட்டேன். சாமிகிட்ட அதுக்கப்புறந்தான் சொன்னேன்.”