வியர்த்த தரை

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஜெர்மனியில் கோப்பை கழுவினேன். ரொறொன்ரோவில் கோழி வெட்டினேன். மொன்ட்ரியால் டவுன்டவுனில் மூன்று உணவகங்களின் சமையலறைகளில் நின்றேன். ஓரிடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. ஆறு வருடம் தங்கிய ஒரே இடம் ஒரு கூடைப்பந்துக் கழகம்.

மொன்ட்ரியால்-நோரில் என் அறையிலிருந்து பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போனால் அந்தச் சின்ன ஊர் வரும். தொழில்முறைக் கழகம் என்றுதான் சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். சம்பளமும் கொடுத்தார்கள். ஆனாலும் வீரர்களில் பாதிப்பேர் பகலில் வேறு வேலைக்குப் போனார்கள். தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு உடற்பயிற்சி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் மேடம். அவரே மேலாளர், வாசலில் டிக்கெட் கிழிப்பவரும் அவரே. வீரர்களின் பெனியன்கள் அவர் வீட்டு மெஷினில்தான் தோய்ந்தன.

ஊரில் இருந்தது ஐஸ் ஹொக்கி மண்டபம் மட்டும். காலையில் ஹொக்கிக்காரர், மாலையில் நாங்கள். ஐஸை உருக்க விடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐஸின் மேல் தடித்த அட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் மரத்தரையைத் துண்டு துண்டாகப் பூட்டவேண்டும். அதுதான் என் வேலை. கூட்டுக்கு ஹெயிட்டிக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துண்டுகளின் அடியில் இலக்கம் எழுதியிருந்தது. இரண்டாம் வருடத்துக்குப் பிறகு நாங்கள் அதைப் பார்க்கவில்லை. கீறல்களே வழி சொல்லின.

தரை, மூடிப்போன ஒரு கல்லூரியிடமிருந்து வந்தது. நடுவில் அவர்களுடைய சின்னமான கழுகு இருந்தது. அதன் மேல் எங்கள் கரடியைத் தீட்டினார்கள். மூன்றாம் வருடம் பெயின்ற் தேய்ந்து, கரடியின் முகத்தில் ஒரு அலகு தெரிய ஆரம்பித்தது. வெளியூர் அணிகள் எங்களைக் கோழிக்கரடி என்று பழித்தன. எங்கள் ரசிகர்கள் கோபிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் எங்கள் அணிக்கே கொக்கரித்தார்கள்.

அங்கே யாரும் மீறாத ஒரு வழக்கம் இருந்தது. ஹீற்றர் போடுவதில்லை. சூடும் ஈரமுமான காற்று அந்தக் குளிர்ந்த தரையில் பட்டால் தண்ணீராகிவிடும். ஆகவே சனம் கோட்டோடும் போர்வையோடும் வந்தது. கையுறையோடு தட்டினால் சத்தம் வராது என்பதால் காலால் உதைத்து ஆர்ப்பரித்தார்கள். முதல் நாளே ஹெயிட்டிக்காரர் சுவரிலிருந்த பொத்தானைக் காட்டி, "இதைத் தொட்டால் நாங்கள் நீந்தவேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார்.

ஆறாவது வருடம், ஹொக்கிக்காரர் மண்டபத்தை விடாததால் ஒரு ஆட்டம் நடக்கவில்லை. சொந்த மண்டபத்தில் இன்னும் ஒரு ஆட்டம் தவறினால் அடுத்த வருடம் உங்களுக்கு இடமில்லை என்று லீக் எழுதிவிட்டது. மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, பங்குனி மாதக் கடைசி ஆட்டம். மேடம் எங்களைக் கூப்பிட்டு, "கதிரை வெறுமையாக இருக்கக்கூடாது. தெரிந்தவர்கள் எல்லோரையும் கூட்டிவாருங்கள்" என்றார்.

எனக்குத் தெரிந்தவர்கள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ தமிழ்க் கோயிலில்தான் இருந்தார்கள். அன்னதான வரிசையில் நின்று கேட்டேன். முன்பு ஒருதரம் பிள்ளைகளோடு வந்து இடைவேளையில் ஓடிப்போன அண்ணை ஒருவர் எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்:

"டேய், உன்ர ஐஸ்பெட்டிக்க இருந்து பந்து பாக்கிறதுக்கு நான் மீனாப் பிறக்கவேணும்."

வரிசை முழுக்கச் சிரித்தது.

"இந்த முறை குளிராது அண்ணை. வாங்கோ," என்றேன்.

"சத்தியமோ?"

"ஓம்."

வாய் தவறி வந்த சொல். ஆனால் மூன்று வான் வண்டி நிறைய வந்தார்கள். அவர்கள் வர இரண்டு மணித்தியாலம் முன்பே நான் பொத்தானை அழுத்திவிட்டேன். கொஞ்சநேரம் போட்டு நிற்பாட்டினால் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். வெளியே பனி உருகி மழை தூறியது. அதை நான் நினைக்கவில்லை.

மண்டபம் அன்றுதான் முதல்முறையாக நிறைந்தது. பெண்கள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார்கள். அண்ணை என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ஹீற்றரை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை. முதல் முறையாகக் கைதட்டும் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில், எதிரணிப் பையன் ஒருவன் யாரும் தொடாமலே விழுந்தான். பிறகு எங்களுடையவன். நடுவர் சப்பாத்தால் தரையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

துவாய்களோடு இறங்கினோம். ஹெயிட்டிக்காரர் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தபடி கேட்டார்:

"நீதானே?"

"ஓம்."

"துடை."

அவ்வளவுதான் சொன்னார். கோயில் ஆட்களும் இறங்கி, சால்வைகளால் துடைத்தார்கள். துடைத்த இடம் திரும்பவும் வியர்த்தது. ஹீற்றரை நிற்பாட்டி, பெரிய கதவுகளைத் திறந்தோம். ஈரக் காற்றுத்தான் உள்ளே வந்தது. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, ஆட்டம் இல்லை என்று நடுவர் தலையாட்டினார்.

சனம் போனபிறகு மேடத்திடம் போய், "நான்தான் ஹீற்றரைப் போட்டேன்" என்றேன். அவர் வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ளே வந்தவுடனே தெரிந்தது," என்றார். "நானும் கோட்டைக் கழற்றினேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. சுகமாக இருந்தது. நிற்பாட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை."

லீக் சொன்னபடியே செய்தது. கழகம் முடிந்தது.

வைகாசியில் தரையை வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடம் எடுத்தது. பூட்டும் ஒழுங்கு தெரிந்தவர்கள் நாங்கள் இருவரும்தான் என்பதால் லொறியோடு போனோம். கடைசித் துண்டைப் பூட்டியபோது அலகுள்ள கரடி நடுவில் சரியாக வந்து உட்கார்ந்தது. அங்கிருந்த காவலாளி, கவனிக்கவேண்டியது ஏதும் உண்டா என்று கேட்டார்.

"ஹீற்றர் போடாதீர்கள்," என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். "குளிர்காலத்தில் பிள்ளைகள் விறைத்துப்போவார்களே?"

ஹெயிட்டிக்காரர் என் தோளில் தட்டி, "கீழே சீமெந்து" என்றார்.

குனிந்து தரையில் கையை வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.

"அப்படியென்றால் போடுங்கள்," என்றேன்.