மணமகளை அழைத்த குரல்

சுவிஸில், ரெனானில் நான் ஏறும் பஸ்ஸில், அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் பெண்குரல் ஒவ்வொரு பெயரின் உச்சியிலும் கரகரத்துக் கிழிகிறது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் கை தானாக நீள்கிறது, எங்கோ இருக்கிற ஒரு குமிழைத் திருகிக் குறைக்க. இதே கரகரப்பில் ஒரு மனிதரின் கடைசிக் குரலை நான் செலவழித்திருக்கிறேன்.

அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். டாவோஸில் ஒரே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினவர்கள் நாங்கள். பிறகு அவர் இந்தப் பக்கத்துத் தமிழ்க் கலியாணங்களுக்கெல்லாம் அறிவிப்பாளர். நான் ஒலி மிக்சருக்குப் பின்னால் நிற்பவன்; கவிதையும் எழுதுவதால் அவருக்கு நான் 'கவிஞர்'. மண்டபக் கதவு திறக்கும்போது "மணமகள் வருகிறாள்" என்று அவர் சொன்னால், கதைத்துக்கொண்டிருந்த சனம் அப்படியே அடங்கும். எத்தனையோ பேரின் பிள்ளைகளை உள்ளே அழைத்த குரல். தன் மகளுக்குச் சித்திரையில் நாள் வைத்த பிறகுதான் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும். சித்திரைவரை பொறுக்காது.

ஆஸ்பத்திரியில் சேரும் நாள் காலையில், மகளின் கலியாணத்தில் போடத் தன் குரலைப் பதிந்து வைக்க என்னிடம் வந்தார். இரண்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எங்கள் குடியிருப்பின் அடியில், குண்டுவீச்சுக்கென்று கட்டிய காப்பறையில் மைக்கை நிறுத்தி, இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினேன். மிக்சர் புதிது, டிஜிட்டல்.

"கொஞ்சம் கதையுங்கோ அண்ணை, அளவு பாப்பம்."

"என்னத்தைக் கதைக்க," என்றார். வெறும் காற்று. பாவம், இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்து, உள்ளே வரும் குரலைப் பெருக்கும் குமிழை, அந்தக் கெய்னை, நிறையத் திருகிவிட்டேன். இரக்கத்தில் விட்ட பிழை.

அவர் சட்டையின் மேல் பட்டனைப் பூட்டினார். மேடையில் செய்வது போலவே மைக்கை உதட்டோடு ஒட்டினார்.

"அன்பார்ந்த உறவுகளே, எழுந்து நில்லுங்கள். மணமகள் வருகிறாள். என் மகள் வருகிறாள்!"

எங்கேயிருந்தது இந்தக் குரல்? மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டோம். 'மகள்' என்ற இடத்தில் குரல் தகரம்போலக் கிழிந்தது.

"என்ன கவிஞர், உம்மடை பெட்டிக்கு என்ரை குரல் செமிக்கேல்லையோ? ஒரு கிழமையா மனிசியோடையும் கதைக்காமல் சேத்து வைச்சது."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை. சரிப்பண்ணிட்டன்."

சரிப்பண்ணவில்லை. வெளியே போகும் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடரைத்தான் கீழே இழுத்திருந்தேன். இரண்டாவது பதிவு மெதுவாகக் கேட்டது, மெதுவாகக் கிழிந்தது. வயரில் பழி போட்டேன், மாற்றினேன். மூன்றாவதும் கிழிந்தது. வருசக்கணக்காய்ச் செய்கிற வேலை. பதற்றத்தில் கண்ணுக்கு முன்னாலிருந்த குமிழ் தெரியவில்லை. குரல் நுழைகிற வாசலிலேயே நசுங்கிக்கொண்டிருந்தது. நுழைந்த பிறகு நான் எதைக் குறைத்து என்ன?

கெய்னை இறக்கினேன். சிவப்பு எரியவில்லை.

"இப்ப சரி அண்ணை. கடைசியா ஒருக்கா."

அவர் தண்ணீர் குடித்தார். லேஞ்சியால் வாயைத் துடைத்து, நான் பார்க்க முன்னம் மடித்துப் பைக்குள் வைத்தார்.

நாலாவது பதிவில் ஒரு கரகரப்பும் இல்லை. குரலும் இல்லை. 'மணமகள்' வரை எட்டிப்பார்த்துவிட்டு விழுந்துவிட்டது. மிச்சத்தை மூச்சுத்தான் சொன்னது. முதல் மூன்றையும் கணினியில் போட்டு மினுக்கலாம். அறுந்துபோன உச்சி திரும்பி வராது. அது எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசல்வரை அவருடைய பையை நான் தூக்கினேன். கண்ணாடிக் கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"பிழை என்ரைதான் அண்ணை. கெய்னைக் கூட வைச்சிட்டன்."

"தெரியும். என்னை முடிஞ்சு போனவன் எண்டு நினைச்சு வைச்சனீர்." பையை வாங்கிக்கொண்டார்.

"எதைப் போடுறது? அந்தச் சுத்தமானதையோ?"

"விசர்க்கதை கதையாதையும். முதலாவதைப் போடும். பின்வரிசையிலை இருக்கிறவைக்கும் கேக்கோணும்."