என்னைப் பார்த்துக் கைதட்டியவள்

எங்கள் ஊர் வெள்ளிமலைக்கு மேல் கேட்கும் சத்தத்தை வைத்தே என்ன விமானம் என்று சொல்லிவிடுவேன். அத்தனை பைத்தியம். சின்னசேலத்தில் ரயிலேறி, நண்பன் சலீமோடு விமான சாகசம் பார்க்கப் போனேன். பக்கத்தில் ஒரு தாயும் சிறுமியும் நின்றிருந்தார்கள்.

"அண்ணா, அந்தச் செவப்பு வால் பிளேன் எங்கப்பா ஓட்டறது!" என்றாள் சிறுமி.

அது தலைகுப்புற இறங்கியது.

"இன்னாடா, இவ்ளோ கீழ வருது?" என்று சலீம் பதறினான்.

"கடைசி நொடியில தூக்குவாருடா, பாத்துக்கினே இரு!" என்று கைதட்டினேன். என்னைப் பார்த்து அவளும் தட்டினாள்.

விமானம் எழவில்லை. மரங்களுக்குப் பின்னால் கரும்புகைதான் எழுந்தது. தாய் அலறினார். ஒன்றும் புரியாமல் சிறுமி தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கைகளை நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அவளுக்கு விவரம் தெரிந்திருக்கும். தான் கைதட்டியது மட்டும் அவளுக்கு நினைவில் இருக்கவே கூடாது.