லாவெண்டருக்கு ஊற்றிய தண்ணீர்

பக்கத்து அறை வெடித்த நாளோடு என் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டாசுக் கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்தவள், நடுவில் ஒரு சுவர் இருந்ததால் பிழைத்தாள். அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அவள் வேலையை விட்டாள். என்னால் விட முடியவில்லை. வேறொரு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறேன். எங்கள் பக்கம் வேறு என்ன வேலை கொட்டிக் கிடக்கிறது?

மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நர்சரியில் லாவெண்டர் செடி வாங்கினோம். அந்த வாசனைக்குத் தூக்கம் வரும் என்றார் கடைக்காரர். வெயில் நன்றாகப் பட வேண்டும், தண்ணீர் கொஞ்சமாக ஊற்றினால் போதும் என்றார். வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? பஸ்ஸில் செடியை மடியில் வைத்து, இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டே வந்தவள், சாத்தூர் வருவதற்குள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அன்று எனக்கு எவ்வளவு நம்பிக்கை வந்தது!

வேலை முடிந்து வந்தால், மேலெல்லாம் ஒட்டிய மருந்துத் தூளோடு நேரே வீட்டுக்குள் போகமாட்டோம். இங்கே எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். கொல்லையிலேயே துணியைக் களைந்து, அலசிப்போட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் அலசிய தண்ணீரை வீணாக விட மனசு வருமா? முருங்கைக்குப் பாய்ச்சுவோம். லாவெண்டருக்குக் கொஞ்சம் போதுமென்று கடைசி அலசலை மட்டும் ஊற்றினேன்.

மொட்டு விட்டது. அவள் தினமும் அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். பிறகு நுனி கருகியது. வெயில்தான் காரணமென்று பழைய சேலையால் பந்தல் போட்டேன். இலையே சாம்பல் நிறம், அதன்மேல் என்ன படிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு காலையில் அவள் தொட்டதும் செடி வேரோடு கையில் வந்துவிட்டது. அடிமண் மினுமினுத்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். நான் கம்பெனியில் கலக்கும் அலுமினியப் பவுடர். உடைந்து அழுதாள்.

"அழாத. வேற செடி வாங்கிக்கிருவோம்."

"செடிக்கா அழுறேன்? துணி அலசுன தண்ணிக்கே இது இப்படிக் கருகிப்போச்சே. நீங்க நாள் பூரா அதுக்குள்ளதான இருக்கீக."

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் செடியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் போகாதீக."

தீபாவளி சீசன். இன்று போகாவிட்டால் நாளை என் இடத்தில் வேறொருவன் இருப்பான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போய் வேனில் ஏறினேன்.