ஜைனப் அக்காவுக்கு நான் வாசிக்காமல் விட்ட பக்கங்கள்

ஜைனப் அக்கா இறந்துவிட்டார்.

காலையில் ஆபீஸில் இருக்கும்போது அவர் மகள் ஷமீலாவிடமிருந்து மெசேஜ். "உம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." அவ்வளவுதான்.

துவாஸில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் நானும் அக்காவும் ஒன்பது வருடம் அடுத்தடுத்த மேசை. கப்பலில் போகிற சரக்குக்கு டாக்குமெண்ட் தயாரிக்கிற வேலை.

அவர் வீடு பாசிர் ரிஸ். எம்ஆர்டி ரயிலில் இந்த முனையிலிருந்து அந்த முனை... அத்தனை நேரமும் கையில் புத்தகம். நைஜீரியா, கென்யா, செனகல், தான்சானியா... அங்கிருந்து இங்கிலீஷில் வந்த நாவல், கவிதை. வேறு எதையும் தொடமாட்டார்.

"ஆப்பிரிக்காவுல கதையெல்லாமா எழுதுறாங்க?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"நீ டெய்லி லாகோஸுக்கு டாக்குமெண்ட் அனுப்புற. அங்க அத வாங்குறது யாருன்னு நெனச்ச? மரமா?"

டிபார்ட்மெண்டே சிரித்தது. அக்காவின் வாய் அப்படி.

மறுநாள் என் மேசையில் ஒரு நாவல். "படிச்சிட்டுப் பேசு லா" என்றார். நான் படிக்கவில்லை. படித்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு சர்க்கரை வியாதி அவர் கண்களில் இறங்கியது. லேசர், ஆபரேஷன், திரும்பவும் லேசர்... எதுவும் பலிக்கவில்லை. வேலையை விட்டார்.

ஒரு நாள் போன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷி.

"சனிக்கிழமை ஒரு மணி நேரம் எனக்குப் படிச்சுக் காட்டுறியா மாலதி? போன்ல ஆப் இருக்கு. ஆனா அதுக்கு அழுவுறதும் சிரிக்கிறதும் ஒண்ணுதான். ஷமீலாவுக்கு வாரம் பூரா வேலை, அவளக் கேக்க மனசு வரல."

சரி என்றேன். தேக்கா மார்க்கெட்டில் ஷமீலா மீனும் காய்கறியும் வாங்கிவருகிற நேரம், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே எங்களுக்கு ஒரு மேசை. ஆளுக்கொரு டீ. சுற்றிலும் இரைச்சல். என் வாயருகே காதைக் கொண்டுவந்து கேட்பார்.

கவிதை என்றால் ஒரே பக்கம் மூன்று முறை. "கொரியர்காரன் மாதிரி போட்டுட்டு ஓடாத. நின்னு படி."

மூன்று புத்தகம் முடித்தோம். நான்காவது தடித்த நாவல். தான்சானியக் கடற்கரையில் மரியமு என்று ஒரு மருத்துவச்சி. அக்காவுக்கு அவளை அப்படிப் பிடித்துப்போனது. "இன்னிக்கு அவ என்ன பண்றா?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்து உட்காருவார்.

எனக்குச் சலித்துவிட்டது. வேறு காரணமெல்லாம் இல்லை.

பத்துப் பக்கம் தாண்டினேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் இருபது தாண்டினேன்.

ஒரு சனிக்கிழமை, இன்னும் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும்போதே, மரியமுவைக் கடலில் மூழ்கடித்தேன். நானே இங்கிலீஷில் நாலு வரி இட்டுக்கட்டி, வாசிப்பதுபோலச் சொல்லி, புத்தகத்தை மூடினேன்.

"செத்துட்டாளா? நல்லா பாத்துச் சொல்லு."

"ஆமாக்கா. முடிஞ்சிருச்சு."

அழுதார். டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். அந்தச் சாவை இன்னொரு முறை கேட்கவேண்டும்போல் இருந்ததாம். ஷமீலாவைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள்... அப்படி ஒரு வரியே இல்லை. மரியமு கிழவியாகி, மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை உயிரோடு இருக்கிறாள்.

"அவ சாகல மாலதி."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மத்த மூணு புத்தகம்?"

"அதெல்லாம் முழுசா படிச்சேன்க்கா. சத்தியமா."

உண்மையைத்தான் சொன்னேன்.

"அத எப்படி நான் நம்புறது? எடுத்துப் பாக்க எனக்குக் கண்ணு இருக்கா?"

வைத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க நாலைந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அப்புறம் விட்டுவிட்டேன். சனிக்கிழமைகள் திரும்பக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இன்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு பாசிர் ரிஸ் போனேன். உள்ளறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். முகத்துணியை விலக்கிக் காட்டினார்கள். பார்த்தேன். மிகவும் இளைத்திருந்தார்.

ஷமீலாவிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அப்புறம் அக்காவுக்கு யாரு படிச்சுக் காட்டினா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. நான் படிக்கிறேன்னு எவ்வளவோ கெஞ்சினேன். 'வேணாம், ஒரு நாள் நீயும் களைச்சுப்போய் பொய் சொல்லுவே. ஒன்ன அப்படிச் சந்தேகப்பட்டுக்கிட்டு ஒக்கார என்னால முடியாது'ன்னுட்டாங்க. ரெண்டு வருஷம்... ஜன்னல் பக்கம் சும்மாவே ஒக்காந்திருந்தாங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவள். டீ குடிக்கிறீங்களா என்று கேட்டாள்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வண்டி புறப்படுகிறவரை நின்றேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், ஜைனப் அக்கா.