கிணற்றடியில் நின்ற அம்மாள்

திருநெல்வேலி வயலை விற்று, திருவனந்தபுரத்தில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கப் புறப்பட்டேன். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்திலேயே அமைந்தது. விற்பவர் பெரியவர். எங்கள் ஊர் வழக்கப்படி அவருடைய மகன்களும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்றேன். உடனே சம்மதித்தார்கள். அதோடு நிம்மதியாகிவிட்டேன்.

வீட்டைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கிணற்றடியில் ஓர் அம்மாள் நீர் இறைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். நான் சுவரைத் தொட்டால் அந்த அம்மாளின் இரண்டு மகன்களும் அருகில் வந்து நிற்பார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் என்று நினைத்தேன்.

பதிவுக்கு முந்தின நாள், எப்போது காலி செய்வீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"நான் எதுக்கு ஒழியணும்?" என்றார் மெதுவாக. "விக்கிறது என் அண்ணன். இது எங்க அம்மைவழி வீடு. எங்க வழக்கத்தில சொத்து பெண்வழிக்குத்தான் போகும். எனக்கும் என் மக்களுக்கும் உள்ளது. அண்ணனுக்கு மேல்நோட்டம், பாத்துக்கிற பொறுப்பு மட்டும்தான். அவரு மக்களுக்கு இதில ஒரு பிடி மண்ணு கிடையாது. நிங்க வாங்கினாலும் நாங்க இறங்க மாட்டோம், கேட்டோ."

அம்மாளின் மகன்கள் வாசற்கதவைத் திறந்துவிட்டார்கள். நான் தெருவில் கால் வைத்ததும் பின்னால் தாழ் விழுந்தது.

பதிவுக்கு நான் போகவில்லை. இப்போது எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும், விற்பவருக்குச் சகோதரிகள் உண்டா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். அவர்களைப் பார்த்துப் பேசிய பிறகே சுவரைத் தொடுகிறேன்.