கோகிலவாணி மாற்றிய கார்டு

கோகிலவாணியிடம் எதைக் கேட்டாலும் இரண்டே பதில்தான். ஆகும் என்பாள், இல்லையென்றால் ஆகாது என்பாள். திருநீர்மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ரொட்டி ஆலைக்கு அவள் வந்த முதல் வருஷம் எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். நான் தயாளன், பன்னிரண்டு வருஷமாக இங்கே சூப்பர்வைசர், உள்ளூர்க்காரன் வேறு. என் முகத்துக்கு நேரே நின்று "ஆகாதுண்ணா" என்றால் கோபம் வருமா வராதா?

அவளுக்குக் கூடுவாஞ்சேரியில் வீடு. வீட்டுக்காரர் ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டிவிட்டு, ஆறரை மணி வாக்கில் லோக்கல் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி பஸ் ஏறி, எட்டு மணிக்கெல்லாம் ஆலையில் இருப்பாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். ஆறு வருஷமாகியும் காண்ட்ராக்ட்தான். ஆனாலும் ஓவனின் கண்ட்ரோல் பேனல் சாவி அவளிடம்தான் இருந்தது. எங்கள் ஓவனில் ஒரு முனையில் மாவு போகும், மறுமுனையில் ரொட்டியாக வரும். நடுவில் நாலு பகுதிகள். நாலின் சூட்டையும் பேனலுக்குள் இருக்கும் ஒரு எலெக்ட்ரானிக் கார்டு படித்துச் சொல்லும். அது சொல்வதை நம்பித்தான் தீ எரியும், அணையும்.

போன வருஷம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த அன்று காலை, மூன்றாம் பகுதியின் சூடு இருநூற்றுப் பத்து என்று காட்டியது. உடனே அறுநூறு என்றது. அப்புறம் பூஜ்யம். ஓவன் தானாக நின்றுவிட்டது.

"அண்ணா, இன்னாண்ணா இது, பேய் புட்ச்ச மாரி ஆடுது!" என்று ஓவன் ஆபரேட்டர் சிட்டிபாபு கத்தினான். "மாவு வேற பொங்கிக்கினு கீது!"

பொங்கிய மாவை நேரத்துக்கு ஓவனில் ஏற்றாவிட்டால் அப்படியே அமுங்கிவிடும், குப்பையில்தான் கொட்டவேண்டும். கோகிலவாணி ஓடி வந்தாள். மூன்றாம் பகுதியின் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தன் சோதனைப் பெட்டியை மாட்டினாள். சென்சாருக்குப் பதிலாக ஒரே அளவு சூட்டைக் காட்டுகிற பெட்டி அது. அப்போதும் எண் குதித்தது.

"ஒயரு நல்லாக்கீது, சென்சாரும் நல்லாக்கீது. கார்டுதான் போச்சு. ஸ்பேர் எடுங்கண்ணா."

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மெயினை அணைத்தாள், உடம்பு மின்சாரம் கார்டில் பாயாமல் இருக்க மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டாள், பழைய கார்டின் குட்டி ஸ்விட்சுகள் எப்படி இருந்தனவோ அப்படியே புதியதிலும் வைத்தாள். மாட்டி, கரண்ட் கொடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது மூன்றாம் பகுதி மட்டுமில்லை, நாலுமே செத்துக் கிடந்தன.

மேனேஜர் சத்யநாராயணன் அதற்குள் வந்துவிட்டார். "புது கார்டும் வேலை செய்யலன்னா ப்ராப்ளம் கார்டுல இல்லம்மா. நீங்க சொன்னது தப்பு. ஓவன் கம்பெனி இன்ஜினியருக்கு போன் பண்றேன், நாளன்னைக்கு வந்துடுவார். இனிமே பேனலை அவங்களே திறக்கட்டும். சாவியைக் குடுத்துடுங்க."

அடுத்த மாதம் அவள் காண்ட்ராக்ட் முடிகிறது. சாவி போனால் வேலையும் போனது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் நானும் ஒத்து ஊதினேன். "நான்கூட அப்பவே நெனச்சேன் சார்!" என்றேன்.

அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். "சாவி இந்தாங்க சார். ஆனா பேனல் இன்னும் தொறந்துதான் கீது. அரை மணி நேரம் குடுங்க."

பழைய கார்டைத் திரும்ப மாட்டினாள். மூன்றாம் பகுதி குதித்தது, மற்ற மூன்றும் ஒழுங்காகக் காட்டின. "பாருங்க சார், கார்டு மாட்ற ஸ்லாட்டு நல்லாக்கீது. அப்போ புதுசுலதான் கோளாறு."

"சீல் போட்டு வந்த கார்டுல என்னம்மா கோளாறு?"

அவள் புதிய கார்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பின்களை உற்றுப் பார்த்தாள். நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"சந்தனம் சார். கவரை யாரோ பிரிச்சிருக்காங்க."

பூஜையன்று மிக்ஸருக்கும் ஓவனுக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தது நான்தான். ஸ்பேர்களை மட்டும் விட்டுவிட்டால் சாமி குத்தமாகிவிடுமே என்று அலமாரியையும் திறந்தேன். பிளாஸ்டிக் கவர்மேல் வைத்தால் அது என்ன பொட்டு என்று கவரைக் கத்தரித்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை அந்தப் பளபளக்கும் விளிம்பிலேயே இட்டு, நடுவில் குங்குமமும் வைத்தேன். பூஜை முடிந்ததும் மேலாகத் துடைத்து, மறுபடி கவரில் போட்டு டேப் ஒட்டி மூடிவிட்டேன். பன்னீர்ச் சந்தனம் பின்களுக்கு நடுவே வழிந்து காய்ந்திருக்கிறது. என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா!

"ஸ்பேரை இப்படித்தான் பாத்துக்குவீங்களா கோகிலவாணி?" என்று மேனேஜர் அவள்மேல் பாய்ந்தார். "இது உங்க பொறுப்பு இல்லையா?"

சந்தனக் கிண்ணத்தோடு நான் சுற்றியதை ஆலையே பார்த்தது. சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானோ வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன், மறைப்பானேன்? இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் தாங்க முடியவில்லை.

"சார், அது நான்தான். பூஜைக்குக் கவரைப் பிரிச்சு நான்தான் வெச்சேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குள் கோகிலவாணி கிளீனிங் ஸ்பிரிட்டும் சின்ன பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பின்னாகத் துலக்கி, காயவைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, மாட்டினாள்.

"ஆவுமாக்கா?" என்றான் சிட்டிபாபு.

"ஆகும். ஓவனை ஏத்த ரெடியா இரு."

பச்சை விளக்கு எரிந்தது. நாலு பகுதியின் எண்களும் ஆடாமல் நின்றன. இரண்டு தள்ளுவண்டி மாவுதான் வீணானது. மற்றதெல்லாம் ரொட்டியாக வந்தது.

மேனேஜர் சாவியை எடுத்து நீட்டினார். "சாரிம்மா."

அவள் வாங்கவில்லை. "ஸ்பேர் அலமாரி சாவியும் வேணும் சார். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது."

அந்தச் சாவி பன்னிரண்டு வருஷமாக என் இடுப்பில் தொங்கியது. வழக்கமான கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் எந்த முகத்தோடு மறுப்பது? கழற்றிக் கொடுத்தேன்.

மேனேஜர் போன பிறகு மெதுவாகக் கேட்டேன். "நான்தான்னு உனக்கு மொதல்லயே தெரியும் இல்ல? அவர் திட்டும்போது ஏம்மா சொல்லல?"

அவள் பேனல் கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்ணா. இன்னும் ஒரு நிமிஷம் பாத்திருப்பேன். அதுக்கு மேல மாவு தாங்காது."